கரட் சாற்றை நான் இடையில் விடவில்லை

அந்தக் குரல் பதிவை நம் நேசரிப் பள்ளி அம்மாமாரின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. பல கை மாறி வந்தது என்பதற்கான அம்புக்குறியோடுதான் வந்தது. நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். வயதான ஓர் அம்மாவின் குரல். "நான் சொல்லுறன் கேளுங்கோ பிள்ளையள்" என்று தொடங்குவார். வெள்ளவத்தையில் அவருக்குத் தெரிந்த ஒரு சின்னப் பிள்ளைக்குப் பார்வை குறைந்ததாம். தினமும் கரட் சாறு கொடுத்ததில் கண்ணாடி போடாமலே தப்பிவிட்டதாம். அதே பிள்ளைக்குச் செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை வந்தபோது, எண்ணெயும் உப்பும் இல்லாத பத்தியத்திலேயே சுகமாகிவிட்டதாம். கடைசியில், "டொக்டர்மாரிட்டை ஓடாதேங்கோ, முதல் சாப்பாட்டைப் பாருங்கோ" என்று முடிப்பார்.

அந்தப் பிள்ளை நான்தான்.

குரலைக் கேட்டதும் கண்டுகொண்டேன். குழுவிலும் உடனே எழுதினேன். இதில் சொல்லப்படும் பிள்ளை நான், எனக்குச் செங்கமாரி வந்ததே இல்லை, இதை எழுதும்போதும் மூக்கில் கண்ணாடிதான் இருக்கிறது என்று. சிரிக்கும் முகங்கள் சில வந்தன. பிறகு உங்களில் ஒருவர் எழுதினார்: "அப்ப நீங்கள் இடையிலை விட்டிருப்பீங்கள்."

அதற்கு ஃபோனில் பதில் எழுதி எழுதி அழித்தேன். இரண்டு வரியில் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. ஆகவேதான் நீளமாக எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல். போன கிழமை நேசரி ரீச்சர் என் மகளைப் பற்றி என்னிடம் சொன்னார், படத்துக்குக் கிட்டப் போய்த்தான் பார்க்கிறாள், கண்ணைச் சுருக்குகிறாள் என்று. அன்று பின்னேரம் நான் கண் டொக்டருக்கு ஃபோன் எடுக்கவில்லை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கி ஒரு கிலோ கரட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எல்லாம் தெரிந்த நான்.

எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில், தொடர்மாடியின் இரண்டாம் தளத்தில் இருந்தோம். ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். அந்த ரயிலை எனக்குச் சத்தமாகத்தான் தெரியும். பல்கனியில் நின்று பார்த்தால் ஒரு நீண்ட சிவப்புப் பூச்சு நகர்ந்து போகும், அவ்வளவுதான். காலி வீதியில் பஸ் நம்பர் வாசிக்கத் தெரியாது. கொண்டக்டர் "கொட்டுவ, கொட்டுவ" என்று கத்தினால் அது கோட்டைக்குப் போகிறது என்று தெரியும். எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருப்பது எனக்கு வெள்ளைப் புகை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவேன். அவள் ஆறு என்று எழுதினால் நான் எட்டு என்று எழுதுவேன், ஏனென்றால் அவள் கையால் மறைத்துக்கொள்வாள். ரீச்சர் முதலில் காதைப் பிடித்துத் திருகினார். பிறகு முன் வாங்கில் இருத்தினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் கண்ணைக் காட்டச் சொன்னார்.

அம்மா வீட்டுக்கு வந்து அழுதார். பிள்ளையின் கண்ணை நினைத்து அழுதார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"இந்த வயதிலை கண்ணாடியெண்டா, பிறகு பெரிசானாப்பிறகு போத்தல் அடி மாதிரிப் போடவேண்டி வரும்" என்று அப்பாவிடம் சொன்னார். "கண்ணாடி போட்ட பொம்பிளைப் பிள்ளையை ஆர் வந்து கேப்பினம்?"

"எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்ப கலியாணம் பேசுறியோ?" என்றார் அப்பா, பேப்பரை மடிக்காமலே.

"நீங்கள் சிரியுங்கோ."

மேல்மாடியில் ஓர் அன்ரி இருந்தார். எங்கள் தலைக்கு மேலே அவருடைய குசினி. காலையில் அவர் உரலில் உள்ளி இடிக்கும் சத்தத்தில்தான் எழும்புவோம். ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். மகன் கனடாவில் இருந்தான், அவன் கூப்பிடும்வரை தனியாகக் காத்திருந்தார். கட்டடத்தில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். எது சூடு, எது குளிர், எது கிரந்தி, எதற்குமேல் எதைச் சாப்பிட்டால் விஷம் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். கிரந்தி என்றால் உடம்பில் கடியும் பருவும் கிளப்புகிற சாப்பாடு. கத்தரிக்காய், தக்காளி, இறால், நண்டு என்று ருசியான எல்லாமே அதில் சேரும்.

"நான் சொல்லுறன் கேள் பிள்ளை" என்றார் அம்மாவிடம். "கண்ணாடியைப் போட்டியெண்டால் கண் அதுக்குப் பழகி, தானாப் பாக்கப் பஞ்சிப்பட்டுப் போயிடும். கரட்டைக் குடு. பச்சையாச் சாறெடுத்துக் குடு. முயல் கண்ணாடி போட்டிருக்கிறதைக் கண்டிருக்கிறியோ?"

முயலுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அம்மா தோற்றுவிட்டார். பிறகு வந்த எத்தனையோ விவாதங்களில் நானும் அந்த முயலிடம் தோற்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து தொடங்கியது. மார்க்கட்டில் மரக்கறி விற்கும் முதலாளி அம்மாவைக் கண்டாலே கரட்டை அள்ளித் தராசில் போடுவார். ஒருநாள், "நோனா, கெதர ஹாவோ இன்னவத?" என்று கேட்டார். வீட்டில் முயல் வளர்க்கிறீர்களா என்று. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைக் காட்டி, "மேயாட்ட" என்றார். இவளுக்கு. அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் நின்றால் எனக்கு முகம் தெரியும்.

சாறெடுப்பது லேசான வேலை இல்லை. எங்களிடம் பிளெண்டர் இருக்கவில்லை. அம்மா அலுவலகத்துக்குப் போகமுன் தரையில் குந்தியிருந்து ஸ்கிரேப்பரில் கரட்டைச் சுரண்டுவார். அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டில் அதைக் கட்டிப் பிழிவார். விரல் நுனிகள் பல நாள் காயப்பட்டிருந்தன. அந்தத் துண்டு இரண்டாம் நாளே செம்மஞ்சளாகிவிட்டது. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. பல்கனிக் கொடியில் அது தொங்குவதைப் பள்ளிக்கூட வேனிலிருந்து பார்த்தால், அதுதான் எங்கள் வீடு என்று எனக்குத் தெரியும். நிறம்தானே எனக்குத் தெரியும்.

சாறு ஒரு பெரிய சில்வர் பேணி நிறைய வரும். காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று. முதல் சில நாள் பிடித்தது. பிறகு மண் மணந்தது. மேலே நிற்கும் நுரை உதட்டில் காய்ந்து இழுக்கும். குடித்து முடித்ததும் அம்மா என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், எதிர்க்கட்டடத்துப் பெயர்ப்பலகையைக் காட்டி, "இப்ப தெரியுதோ?" என்று கேட்பார். முகத்தில் அவ்வளவு ஆசை. நான், "கொஞ்சம்" என்பேன். அதைக் கேட்டு அடுத்த நாள் பேணியில் இன்னும் கொஞ்சம் கூடும்.

என் கை மஞ்சளாகத் தொடங்கியதை எங்கள் வீட்டில் ஒருவரும் காணவில்லை. அன்ரிதான் கண்டார். மாடிப்படியில் வைத்து எனக்குப் பயற்றம் பணியாரம் ஒன்று தந்தார். நான் கையை நீட்டினேன். பணியாரம் கையில் விழவில்லை. அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை மஞ்சள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தார். அதுவும் மஞ்சள். மூக்கின் இரண்டு பக்கத்து மடிப்பிலும் மஞ்சள்.

"ஐயோ பிள்ளை, இஞ்சை ஓடி வா. இவளுக்குச் செங்கமாரியடி" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அன்றைக்குத்தான் அவருடைய தம்பியைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன். சண்டைக் காலத்தில், இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவனுக்கு மஞ்சள் கண்டதாம். டொக்டர் இல்லை, மருந்து இல்லை. வெயிலால் வந்த நிறம் என்று நினைத்துவிட்டார்களாம், அவன் தப்பவில்லை. "நான் காணேல்லை. என்ரை கண்ணுக்கு முன்னாலை இருந்தவன், நான் காணேல்லை" என்று அன்ரி திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்தியம் தொடங்கியது. எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. தேங்காய்ப்பால் வாசம்கூடப் படக்கூடாது. கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலில் கலந்து வெறும் வயிற்றில். குழைந்த சோறு, அவித்த மரக்கறி. பள்ளிக்கூடமும் நின்றது. பின்னேரங்களில் கீழே பேக்கரியிலிருந்து மாலு பாண் சுடும் வாசனை மாடிக்கு ஏறி வரும். அந்த மீன் பணிஸை நினைத்து நான் தலையணையைக் கடித்திருக்கிறேன்.

இப்போது சொல்லப்போவதை வாசித்து நீங்கள் சிரிக்கலாம். எனக்கு இன்னும் முடியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தினார்கள், கரட்டை மட்டும் நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்த வேண்டும்? கரட் நல்லது. கரட் குளிர்மை. எண்ணெய் வேண்டாம், உப்பு வேண்டாம் என்றால் பிறகு பிள்ளைக்கு எதைத்தான் கொடுப்பது? சாறு இரண்டு பேணியாக இருந்தது மூன்றானது. சோற்றோடு அவித்த கரட். அன்ரி பூசணிக்காயும் பப்பாப்பழமும் கொண்டுவந்து தந்தார், எல்லாம் ஈரலுக்கு நல்லது என்று. நான் மேலும் மேலும் மஞ்சளானேன். மஞ்சளாக ஆகப் பத்தியம் கடுமையானது. முட்டையின்மேலும் மீனின்மேலும் வந்த சந்தேகம் கரட்டின்மேல் ஒருவருக்கும் வரவில்லை. அலுவலகத்தில் கணக்குப் பிழையைக் கண்டுபிடிக்கும் அம்மாவுக்கும் வரவில்லை.

இரண்டு கிழமைக்குமேல் ஆகியும் குறையாதபோது அப்பா முதல்முறையாகப் பேப்பரை மடித்துவைத்தார். "காணும் இந்தப் பத்தியம். டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

டிஸ்பென்சரி டொக்டர் மாளிகாவத்தையிலிருந்து வருகிற முஸ்லிம் மனிதர். மேசையில் எப்போதும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை ஆறிக்கொண்டிருக்கும்.

"என்ன தங்கச்சி, புள்ளைக்கு என்ன?"

"செங்கமாரி டொக்டர். பத்தியம் எல்லாம் பாக்கிறம், குறையுதில்லை."

"செங்கமாரின்னு யாரு சொன்ன?"

அம்மா என் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். டொக்டர் என்னை யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழ் இமையை இழுத்து, மேலே பார், கீழே பார் என்றார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். வாந்தி வருதா, மூத்திரம் கடும் நிறமாகப் போகுதா, சாப்பாட்டில் மனம் இல்லையா என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் அம்மா இல்லை என்றார். கடைசிக் கேள்விக்கு நானே பதில் சொன்னேன்: "சரியாப் பசிக்குது டொக்டர்."

"புள்ளைக்கு ஒரு நாளைக்கு என்ன குடுக்குறீங்க?"

அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார், கொஞ்சம் பெருமையோடுதான். டொக்டர் பேனையை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இது செங்கமாரி இல்ல. இது கரட்."

"கரட்டோ?"

"அந்தச் சாயம் தோல்ல ஏறியிருக்கு. செங்கமாரின்னா கண்ணு வெள்ளையும் மஞ்சளாகும். இந்தப் புள்ளைட கண்ணப் பாருங்க, கோழி முட்ட மாதிரி இருக்கு. சந்தேகமிருந்தா ரத்தம் சோதிக்கிற. அதுக்குப் புள்ளையப் பட்டினி போடுறல்ல."

"கரட் நல்லது தானே டொக்டர்?" என்றார் அம்மா.

"நல்லந்தான். கறியில போட்டுக் குடுங்க. வாளி வாளியா ஊத்த வேணாம். நிப்பாட்டினா மெதுவா மெதுவாப் போயிரும், ஒண்டும் பயமில்ல. ஏன் இவ்வளவு குடுத்தீங்க?"

கண்ணுக்கு என்றார் அம்மா. டொக்டர் என் ஒரு கண்ணைப் பொத்தி, எதிர்ச்சுவரில் தொங்கிய கலண்டரில் பெரிய எழுத்தில் இருந்ததை வாசிக்கச் சொன்னார். எழுத்து இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. டொக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இங்க கேளுங்க. சாப்பாட்டுல சத்து இல்லாத புள்ளைக்கு இருட்டுப்பட்டாக் கண்ணு தெரியாமப் போகும். அதுக்குக் கரட்டும் கீரையும் உதவி. இது அது இல்ல. இது முழியிட அமைப்பு. எவ்வளவு கரட் குடுத்தாலும் அத மாத்த ஏலாது. இந்தப் புள்ளைக்குக் கண்ணாடி வேணும்."

வெளியே வந்ததும் அம்மா கேட்காமலே மாலு பாண் வாங்கித் தந்தார். சூடு ஆறமுன் கடித்தேன். உள்ளே இருந்த மீனும் மிளகும் நாக்கில் பட்ட அந்த உறைப்புக்குப் பிறகு, வாழ்க்கையில் எந்தச் சாப்பாடும் அப்படி ருசித்ததில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்ரி மாடிப்படியில் காத்துக்கொண்டிருந்தார். "என்னவாம் பிள்ளை?"

அம்மா மூச்சை இழுப்பது கேட்டது. "குறைஞ்சிட்டுதாம் அக்கா. இனிப் பயமில்லையாம்."

அன்ரி அப்படியே படியில் இருந்துவிட்டார். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். உள்ளியும் நல்லெண்ணெயும் மணக்கும் மடி. "இந்த முறை நான் நேரத்தோடை கண்டிட்டன்" என்றார். "இந்த முறை கண்டிட்டன்."

அம்மா உண்மையைச் சொல்லாததற்கு வெட்கம் ஒரு காரணம். அன்ரியின் தம்பி இன்னொரு காரணம் என்று இப்போது விளங்குகிறது. விளங்கியும் என் கோபம் குறையவில்லை.

ஏனென்றால் கண்ணாடி உடனே வரவில்லை. லீவு வரட்டும் என்றார் அம்மா. பிறகு அடுத்த லீவு. நான் புகையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பள்ளித் தவணை முழுவதும் இருந்தேன். அதற்குள் அன்ரியைக் கனடாவுக்கு மகன் கூப்பிட்டுவிட்டான். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் ஏறும்போதுகூட அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அவருக்கு அது போதும்.

கண்ணாடி போட்ட முதல் நாள் வகுப்பில் எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை. கரும்பலகையில் இவ்வளவு எழுதியிருக்கிறது, எல்லோரும் இவ்வளவு நாளும் இதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் கரட் தந்தார்கள்.

அன்ரிக்கு அனுப்பும் எந்தப் படத்துக்கும் அம்மா என்னைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். என் கல்யாணப் படத்திலும் இல்லை, லென்ஸ் போட்டிருந்தேன். ஆகவே அன்ரி பொய் சொல்லவில்லை. அவர் கண்டதைச் சொல்கிறார். நீங்கள் கேட்டதை அனுப்புகிறீர்கள். இப்படித்தான் ஒரு டொக்டர் சொன்ன உண்மை மாடிப்படியில் நின்றுபோய், மடியில் வைத்து அழுத கதை உலகம் சுற்றி என் ஃபோனுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அம்மா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். நேற்று ஃபோன் எடுத்தேன். அன்ரிக்கு நீங்களே சொல்லுங்கோ என்றேன்.

"அவ எண்பதைப் பிடிக்கப்போற மனிசி. ஒரு பிள்ளையைக் காப்பாத்தினன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. அதையும் பறிக்கச் சொல்லுறியோ?"

"அவவின்ரை குரலைக் கேட்டு இஞ்சை அம்மாமார் பிள்ளையளுக்குக் கரட் பிழியினம், அம்மா."

"கரட் ஒண்டும் நஞ்சில்லையே."

"நஞ்செண்டு நான் சொல்லேல்லை. நானும் வாங்கி வைச்சிருக்கிறன். இவளுக்கும் தூரம் தெரியேல்லையாம்."

அதைச் சொல்வதற்கு நான் எண்ணியிருக்கவில்லை. அந்தப் பக்கம் ரயில் ஒன்று போனது, அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. "ஆருக்கு, சின்னவளுக்கோ?" என்றார் அம்மா.

"ஓம்."

"அப்ப இன்னும் என்னத்துக்கு என்னோடை கதைச்சுக்கொண்டு இருக்கிறாய்? கண் டொக்டரிட்டை நம்பரை எடு. நானும் வாறன்."

டொக்டரைச் சந்திக்கும் நம்பரை எடுத்துவிட்டேன். சனிக்கிழமை போகிறோம். கண்ணாடி வேண்டியிருக்கலாம், வேண்டாமலும் இருக்கலாம். அதைக் கண்ணைச் சோதிப்பவர் சொல்லட்டும். வாங்கிய கரட்டில் பாதியை வெள்ளைக்கறி வைத்தேன், மகள் விரும்பிச் சாப்பிட்டாள். மிச்சம் சம்பலுக்கு. எந்தச் சாப்பாட்டின்மேலும் எனக்குப் பகை இல்லை.

அந்தக் குரல் பதிவை இனியும் யாருக்காவது அனுப்புவதென்றால் அனுப்புங்கள், அந்தக் குரலை நானும் நேசிக்கிறேன். ஆனால் கூடவே இதையும் அனுப்புங்கள். இடையிலை விட்டிருப்பீங்கள் என்று எழுதிய தோழிக்கு என் பதில்: இல்லை. ஒரு நாளும், ஒரு பேணியும் நான் இடையில் விடவில்லை. விட அம்மா விடவில்லை.